க்ரெம் டி காஸிஸில் பால் இல்லை

“க்ரெம் டி காஸிஸ்ல பால் க்ரீம் இருக்கு, எலுமிச்சை பட்டா திரிஞ்சுடும், திறந்த பாட்டில் கெட்டுடும், பால் ஒத்துக்காதவங்க தொடாதீங்க”ன்னு மேலே ஒரு நண்பர் போட்டிருக்கார். தப்புங்க, இந்தப் பிரெஞ்சு இனிப்பு மதுவுல ஒரு சொட்டுப் பால் கிடையாது. பிளாக்கரன்ட்ங்கற சின்னக் கறுப்புப் பழத்தை மதுசாரத்துல ஊறவெச்சு சர்க்கரை சேர்க்கறாங்க, அவ்வளவுதான். ‘க்ரெம்’ங்கறது அந்தச் சர்க்கரையோட கெட்டித்தன்மையைச் சொல்ற பேர். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுவா லிக்யூர்னா (இனிப்பு மது) லிட்டருக்குக் குறைஞ்சது 100 கிராம் சர்க்கரை, ‘க்ரெம் டி’ன்னு போட 250, காஸிஸுக்கு மட்டும் 400!

நண்பர் பெய்லிஸ்ங்கற ஐரிஷ் க்ரீம் லிக்யூரோட குழப்பிக்கிட்டார்னு நினைக்கிறேன். அதுல நிஜமாவே பாலாடை உண்டு, எலுமிச்சை விட்டா திரியும்.

வாங்கறப்போ லேபிளைவிட நாக்கை நம்புங்க. நல்ல காஸிஸ் கிளாஸைச் சாய்ச்சா பாகு மாதிரி மெதுவா இறங்கும். முதல்ல இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியா நாவல்பழம் தின்ன மாதிரி ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இல்லேன்னா இருமல் மருந்துதான். தனியா உறிஞ்சவும் லாயக்கில்லை, ‘கீர்’ங்கற காக்டெயில்ல கலந்தாலும் வெறும் சர்க்கரைத் தண்ணி. (கீர்ங்கறது பிரான்ஸ்ல டிஜோன் நகரத்தோட முன்னாள் மேயர் ஃபெலிக்ஸ் கீர் பேர்ல வந்தது, நம்ம பாயசம் இல்லை. 90 மில்லி வொயிட் வைனுக்கு 10 மில்லி காஸிஸ்.)

திறந்த பாட்டில் கெடும்னு சொன்னது மட்டும் பாதி சரி. காரணம் பால் இல்லை, காற்று. மதுசாரம் 15–20 சதவீதம்தான், அதனால பழ வாசனை சீக்கிரம் மங்கும். அலமாரியில மறந்துபோன என் பாட்டில் துரு நிறத்துக்கு வந்துடுச்சு. ஃபிரிட்ஜ்ல வைங்க.