விருது கொடுங்கள், ஆனால் முதலில் ஆய்வேட்டைப் படியுங்கள்

சிறந்த முதுகலை ஆய்வேட்டுக்கு விருது என்றதும், "பிஎச்.டி.க்குக் கொடுத்தால் போதாதா, இதெல்லாம் பட்டத்துக்காக எழுதுவதுதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம் மூன்று பெயர்களைச் சொல்லிப் பார்க்கலாம்.

முதலாவது, கிளாட் ஷானன். 1937இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 21. அங்கே பொறியாளர் வானிவர் புஷ் உருவாக்கிய கணிப்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அதிலிருந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளை, மிச்சிகனில் படித்தபோது கற்ற பூலியன் இயற்கணிதத்தோடு (உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துப் போடும் கணக்கு) பொருத்திப் பார்த்தார். சுவிட்ச் திறப்பதும் மூடுவதும் தர்க்கத்தின் உண்மை, பொய் போலவே நடக்கிறது என்றால், சுற்றையே சமன்பாடாக எழுதிச் சுருக்கிவிடலாம் அல்லவா? டிஜிட்டல் சுற்று வடிவமைப்பு இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. அடுத்த ஆண்டே அது கட்டுரையாக வந்தது. பிறகு ஆல்ஃபிரட் நோபிள் பரிசும் கிடைத்தது. (ஸ்வீடன் நோபல் இல்லை. அமெரிக்கப் பொறியியல் சங்கங்கள் இளம் ஆய்வாளர்களுக்குத் தருவது.)

மற்ற இருவருக்கு அந்த யோகம் இல்லை. செப்போ லின்னைன்மா 1970இல் ஹெல்சிங்கியில் ஃபின்னிஷ் மொழியில் எழுதிய முதுகலை ஆய்வேடு, கணக்கீட்டில் எண்களைத் தோராயமாக்குவதால் சேர்ந்துகொண்டே போகும் பிழைகளைப் பற்றியது. அதிலிருந்த முறைதான் இன்று நியூரல் நெட்வொர்க்குகளை (செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான, அடுக்கடுக்கான கணக்கு வலைப்பின்னல்களை) பயிற்றுவிக்கும் பேக்ப்ராபகேஷனின், அதாவது பிழையைப் பின்னோக்கிக் கொண்டுபோய்த் திருத்தும் முறையின், கணித அடிப்படை. செப் ஹோக்ரைட்டர் 1991இல் மியூனிக்கில் டிப்ளோம் பட்டத்துக்காக ஜெர்மனில் எழுதினார். அங்கே அப்போது முதுகலைக்கு நிகரான பட்டம் அது. அடுக்குகள் கூடக் கூட நெட்வொர்க் ஏன் கற்க மறுக்கிறது என்பதற்கான காரணம் அதில் இருந்தது. இரண்டின் மதிப்பும் பரவலாகத் தெரிய ஆண்டுகள் பல ஆயின.

என் பேச்சு இங்கேதான் வருகிறது. விருதின் பணமும் சான்றிதழும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கைடையும் வைவாவுக்கு வந்தவரையும் தவிர வேறு ஒருவர் அந்த ஆய்வேட்டை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பெரிது. பெரும்பாலான முதுகலை ஆய்வேடுகளுக்கு அந்த மூன்றாவது வாசகர் வருவதே இல்லை.

ஆனால் பல தேர்வுக் குழுக்கள் சுருக்கத்தையும் கைடின் பரிந்துரைக் கடிதத்தையும் பார்த்தே முடிவு செய்துவிடுகின்றன. கடிதம் நன்றாக எழுதத் தெரிந்த பேராசிரியரின் மாணவர் ஜெயிப்பார். பெரிய ஆய்வகத்தின் பெரிய புராஜெக்டில் ஒரு துண்டைச் செய்தவர், தனியாக ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரை எளிதாக முந்திவிடுவார். மாணவர் தானே செய்தது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்விக்கு மாணவரே ஒரு பக்கம் பதில் எழுதித் தரட்டும் என்பேன்.

துறைகளை ஒரே தராசில் போடுவதும் சரியில்லை. அமெரிக்காவில் பட்ட மேற்படிப்பு நிறுவனங்களின் அமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் தன் முனைவர் ஆய்வேட்டு விருதை ஆண்டுக்கு இரண்டு துறைப் பிரிவுகள் என்று சுழற்சியில் வழங்குகிறது. முதுகலைக்கும் அப்படிச் செய்யலாம்.

அப்புறம் அளவுகோல். ஓரிரு ஆண்டுகளில், அதுவும் பாதி நேரம் பாடத்தேர்வுக்குப் போன பிறகு எழுதப்படுவதில் முனைவர் பட்ட அளவுக்குப் புதுமையைத் தேடுவது அநியாயம். கேள்வி கூர்மையாக இருக்கிறதா, இன்னொருவர் அதே வழியில் செய்து பார்க்க முடியுமா என்று பார்த்தால் போதும். எதிர்பார்த்த முடிவு வராதபோது அதை மறைக்காமல் எழுதியவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். மற்ற எல்லாரும் அதற்குக் குறைக்கிறார்கள்.

விருது அறிவிப்பிலும் பெயர், துறை, கைடு, மேடையில் எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கிறது. இவர் என்ன கண்டுபிடித்தார் என்று இரண்டு வரி, முழு ஆய்வேட்டுக்கு ஒரு லிங்க், வேறு மொழியில் இருந்தால் ஒரு நல்ல மொழிபெயர்ப்புக்குப் பணம். பரிசுத் தொகையில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் மாணவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.