கழுத்துக் கருமையைத் தேய்க்காதீர்கள்

பின்கழுத்து கருத்திருக்கும் பெண்பிள்ளைகளை நம் வீடுகளில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எலுமிச்சம்பழத் தோலில் சர்க்கரை தொட்டுத் தேய்ப்பார்கள், கடலை மாவும் தயிரும் பூசுவார்கள், எதற்கும் மசியவில்லை என்றால் பீர்க்கங்காய் நார். கூடவே "ஒழுங்காத் தேய்ச்சுக் குளிச்சா ஏன் இப்படி ஆகுது?" என்று ஒரு பாட்டு. என் அக்கா மகள் கல்லூரி முதல் வருடம் முழுக்க இதை அனுபவித்தாள். மே மாத வெயிலில்கூடக் காலர் வைத்த சுடிதார்தான். ஒருநாள் தலை பின்னிவிட உட்கார வைத்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தேன். தேய்த்த இடம் சிவந்து அங்கங்கே தோல் உரிந்திருந்தது. கருப்பு மட்டும் வெல்வெட் துணி போலத் தடிப்பாக அப்படியே இருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று குட்டி மருக்கள்.

அது அழுக்கே இல்லை. பெரும்பாலும் இன்சுலின் செய்கிற வேலை. மருத்துவத்தில் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று வாயில் நுழையாத பெயர். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பி வைப்பது இன்சுலின். எடை கூடும்போது, அதுவும் வயிற்றைச் சுற்றிக் கூடும்போது, செல்கள் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. உடனே கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிட்டுப் பெருக வைக்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று மடிப்புள்ள இடங்களில் தோல் தடித்துக் கருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கணையம் இப்படி மாடாய் உழைக்கும் வரை சர்க்கரை டெஸ்ட் பல வருடம் நார்மல் என்றே காட்டும். "சுகர் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். ரிப்போர்ட்டில் வருவதற்கு முன்பே கழுத்தில் எழுதியிருக்கிறது, நாம்தான் நாரை வைத்து அழிக்கப் பார்க்கிறோம்.

இதே இன்சுலின் சினைப்பையிலும் போய்க் கைவைக்கிறது. ஆண்களுக்கு அதிகமாக இருக்க வேண்டிய ஆண்ட்ரோஜன் ஹார்மோனைப் பெண்ணின் சினைப்பை கூடுதலாகச் சுரக்கும்படி செய்கிறது. அந்த ஹார்மோனைப் பிடித்துக் கட்டி வைக்கிற புரதம் ஒன்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் ஏறினால் அதுவும் குறைந்துபோகும். விளைவு, தாடையில் முடி, முகத்தில் பரு, உச்சந்தலையில் முடி கொட்டுவது, மாதவிடாய் இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளிப்போவது. பிசிஓடி, பிசிஓஎஸ், நீர்க்கட்டி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறோமே, அதுதான். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது, அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒல்லியான பெண்களுக்கும் வரும். எடை கூடினால் இன்சுலின் தொல்லை கூடுகிறது, அது கூடினால் எடையைக் குறைப்பது இன்னும் கஷ்டமாகிறது. எது முதலில் வந்தது என்று வீட்டில் விசாரணைக் கமிஷன் வைத்து ஒரு பயனும் இல்லை.

தள்ளிப்போகிற மாதவிடாயை "தொல்லை விட்டது" என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, "கல்யாணமானா எல்லாம் சரியாயிடும்" என்கிறவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு. மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாப்பிள்ளை வந்து இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது அடுத்த விஷயத்தில்தான். டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், இரண்டு நிமிடத்தில் "வெயிட்டைக் குறைச்சுட்டு வாம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் எவ்வளவு, எப்படி என்று சொல்லாத அறிவுரையை வைத்துக்கொண்டு ஒரு பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்வாள்? என் அக்கா மகள் ஐம்பது கிலோவுக்கு வரச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள், மயக்கம் வந்தது, பத்து நாளில் விட்டுவிட்டாள். இருக்கிற எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. 80 கிலோ இருப்பவருக்கு அது நாலு முதல் எட்டு கிலோ. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். அப்புறம் வேறொரு டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துப் பேசினார். பட்டினி எல்லாம் வேண்டாம், காலை இட்லியில் ஒன்றைக் குறைத்து அந்த இடத்தில் முட்டையோ சுண்டலோ வை, சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் நட என்றார். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்து என்று சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய ஆய்வு சொல்கிறது. நம் தட்டைப் பார்த்தால் ஆய்வே தேவையில்லை, சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வைத்துச் சாப்பிடுகிற கூட்டம் நாம்.

இவ்வளவையும் பெண்கள் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டுச் சோபாவில் சாய்ந்திருக்கும் ஆண்களுக்கு இனி. கொழுப்பு சும்மா கிடக்கிற சதை இல்லை. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தபோது, கொழுப்பே ஹார்மோன் சுரந்து மூளையோடு பேசுகிறது என்பது தெளிவானது. ஆணின் உடம்பில் கொழுப்பு கூடும்போது அது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றும். அசதி, எதிலும் ஆர்வமில்லாமை, தசை கரைவது என்று வந்தால் "வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொள்கிறார்கள், நாற்பது வயதில்.

குறட்டைக்கு மட்டும் யாரும் சாக்குச் சொல்வதில்லை, பெருமையே பேசுகிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு முறை எதிர் பெர்த்தில் ஒருவர். பெட்டியே அதிரும் குறட்டை, திடீரென்று சத்தம் நின்றுவிடும். அப்பாடா என்று கண்ணை மூடினால், சில விநாடி கழித்து மூச்சுத் திணறி ஒரு பெரிய இழுப்பு, மறுபடி குறட்டை. விடிய விடிய இதே கதை. காலையில் அவர் மனைவி, "இவரு படுத்தா அசந்து தூங்கிடுவாரு" என்றார். அந்தச் சத்தம் நின்ற விநாடிகளில் மூச்சே நின்றிருக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு தொண்டையில் மூச்சுப் பாதையை அழுத்துவது இதற்கு முக்கியக் காரணம். இரவெல்லாம் மூளை திடுக்கிட்டு எழுந்துகொண்டே இருப்பதால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், காலையில் தலைவலி, மாத்திரைக்கு அடங்காத பிரஷர். தூக்கம் கெட்டால் பசி ஹார்மோனும் கெடும். 2004இல் சிகாகோவில் இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா கேட்பது நாக்கு மட்டும் இல்லை.

மூட்டு வலிக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதற்கும் பல நேரம் இந்தப் பாரம்தான் காரணம்.

தைராய்டைப் பற்றி ஒரு வார்த்தை, திட்டு வாங்குவேன் என்று தெரிந்தே. நம் ஊரில் எடை கூடிய எல்லாவற்றுக்கும் பழி தைராய்டின் மேல்தான். தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாக இரண்டு முதல் நாலைந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோவுக்கு அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இன்னொன்று, எடை கூடியதாலேயே தைராய்டு டெஸ்டில் பார்க்கும் டிஎஸ்எச் ஹார்மோன் கொஞ்சம் ஏறிக் காட்டும், எடை இறங்கினால் அதுவும் இறங்கும். உண்மையிலேயே தைராய்டு குறைவு இருந்தால் மாத்திரை கட்டாயம் வேண்டும். ஆனால் அதை ஃபில்டர் காபியோடு விழுங்குகிற வீடுகள் எத்தனை! வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டுவிட்டுக் காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளித்தான்.

"நான் ஒல்லிதான், எனக்கெதுக்கு இது" என்று நகர்த்திவிட்டுப் போகிறவர்களுக்காகப் புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் கதை. அவரும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினும் ஒன்றாக நிற்கும் படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, ஒன்றுதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் நம் உடல்வாகு அதுதான். அதனால்தான் இந்தியர்களுக்கு எல்லைக்கோடு குறைவு. பிஎம்ஐ 23 தாண்டினாலே கூடுதல் எடை. இடுப்பளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் இஞ்ச் டேப்பே போதும், பெண்களுக்கு முப்பத்தொன்றரை, ஆண்களுக்கு முப்பத்தைந்தரை இஞ்ச். பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றக் கூடாது, அது தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவது.

இப்போது எடையைக் குறைக்க ஊசி இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி. எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது. ஹார்மோன் கோளாறுக்கு ஹார்மோன் வழியில் வைத்தியம் செய்வதில் என்ன வெட்கம்? ஆனால் இன்பாக்ஸில் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி, "தங்கச்சிக்குக் கல்யாணம், மூணு மாசம் மட்டும் போட்டுக்கலாமா?" டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தொடவே கூடாத மருந்து அது. கொழுப்போடு கொஞ்சம் தசையும் கரையும். நிறுத்தினால் இறங்கியதில் பெரும்பகுதி திரும்பி ஏறிவிடும். மண்டபம் புக் பண்ணும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஆல்பம் கைக்கு வருவதற்குள் பழைய அளவு வந்துவிடலாம்.