போலவாம்!

நேற்று விக்கியில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் போடப்போவதில்லை. ஆள் யாரென்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

அரக்கனின் உயிர் உடம்பில் இல்லாமல் வேறெங்கோ ஒளிந்திருக்கும் கதைகளுக்கான பக்கம் அது. எதில் ஒளிந்திருக்கிறது என்று பார்த்துப் பிரித்து வைத்திருந்தேன்: கிளி, வண்டு, முட்டை, பொருள். வண்டுக்கு ராமாயணக் கிளைக்கதையில் வரும் மயில்ராவணன். முட்டைக்கு ரஷ்யாவின் கோஷ்சேய்: அவன் சாவு ஊசிமுனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். மூன்று மாச வேலை. ஒரே ராத்திரியில் கலைத்து, ஹார்க்ரக்ஸை (ஹாரி பாட்டர் நாவல்களில் வில்லன் தன் உயிரின் துண்டை ஒளித்துவைக்கும் பொருள்) உச்சியில் ஏற்றி, மிச்சத்தை 'இதர' என்று அடியில் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒற்றை வரி: "இந்தியக் கதைகளிலும் ஹார்க்ரக்ஸ் போல உண்டு."

போலவாம்! பம்பாய் கவர்னரின் மகள் மேரி ஃபிரியர் தொகுத்த தக்காணக் கதைகளில் மந்திரவாதியின் உயிர் பச்சைக்கிளிக்குள் இருக்கிறது. அது அச்சானது 1868. ஹார்க்ரக்ஸ் என்ற சொல்லே 2005-ல் வந்த நாவலில்தான் வருகிறது. யார் யாரைப் போல?

"படிக்கிறவனுக்குத் தெரிந்ததிலிருந்துதானே தொடங்கணும்?" என்பீர்கள். சரி, தொடங்குங்கள். நானும் அந்த நாவல்களை விடிய விடியப் படித்தவன்தான். அதற்காக மற்றதையெல்லாம் 'இதர'வுக்கு அனுப்பணுமா? "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. போய் ரீல்ஸ் பாருங்கள்.

என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். கரண்ட் போன ராத்திரிகளில் மொச்சை உரித்துக்கொண்டே கிளிக் கதை சொல்லும். நடுவில் 'உம்' கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஏழு மலையையும் பேர் சொல்லித்தான் தாண்டும்: நாகமலை, பசுமலை, ஆனைமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம், சிறுமலை. ஏழாவதுக்கு மலை தீர்ந்துபோய், "அப்புறம் கொடைக்கானலு" என்னும். மற்ற பல கிளிக் கதைகளில் கிளியின் றெக்கையைப் பிய்த்தால் அரக்கன் கை விழும், காலைப் பிய்த்தால் கால் விழும். அப்பத்தா கதையில் அது கிடையாது. ராசகுமாரன் ஒரே திருகாகக் கழுத்தைத் திருகிவிடுவான். ஏன் அப்பத்தா என்றால், "கிளி என்னடா பாவம் பண்ணுச்சு?"

இந்த வேறுபாட்டை மூன்று வரியில் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டார்கள். காரணம்: ஆதாரம் இல்லை.

இங்கேதான் வயிறு எரிகிறது. ஃபிரியருக்குக் கதை சொன்னது யார்? அன்னா லிபராட்டா டிசோசா என்ற ஆயா. அந்த அம்மாளுக்குச் சொன்னது அவருடைய பாட்டி! கவர்னர் மகள் எழுதிக்கொண்டால் பாட்டி ஆதாரம். பேரன் எழுதினால் அப்பத்தா வெறும் வாய்ப்பேச்சு. அப்படித்தானே?

"அச்சில் வந்ததைக் காட்டு" என்றார் ஒருவர். அவர் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை, விக்கிக்கு விதி வேண்டும்தான். மயில்ராவணனுக்குக் காட்டினேனே? மதுரைப் புதுமண்டபத்துக் கடைகளில் கட்டுக்கட்டாக விற்ற பெரிய எழுத்துப் புத்தகம். அதற்கும் பதில் 'இதர'தான். அப்புறம் என்ன விதி?

அப்பத்தா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. அந்தக் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. நானும்தான். போன் கையிலேயே இருந்தது.

இப்போது அந்த மூன்று வரியை மறுபடி ஏற்றியிருக்கிறேன், கிளி என்ற தலைப்பின் கீழ். ஆதாரம் கேட்கும் இடத்தில் "அப்பத்தா, மொச்சை உரித்தபடி சொன்னது" என்று போட்டிருக்கிறேன். நீக்குகிறவர்கள் நீக்கிக்கொள்ளலாம்.