உண்மையான கடைசி

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வெயிலில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். என்னுடையது 2012-இல் வாங்கிய பெட்டி. அதனிடம் டிபிஎம் கேட்பது, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த தாத்தாவிடம் கைரேகை கேட்கிற மாதிரி. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுவோம் என்று முடிவு.

அது சுலபம். ஹார்ட் டிஸ்க்தான் வினை. டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நாலு பிரைமரி பார்ட்டிஷனுக்கு (முதன்மைப் பகுதிக்கு) மேல் வைக்க முடியாது; நாலும் ஏற்கெனவே இருந்தன. ஒன்றைக் காலி செய்யலாமென்று திறந்தால் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’. எல்லாவற்றிலும் அதே காதுகுத்துப் படங்கள். அழிக்க மனசு வருமா? 300 ஜிபியையும் யுஎஸ்பி 2.0 வழியாக வெளி டிஸ்குக்கு ஏற்றினேன். வினாடிக்கு 30 எம்பி என்றாலும் மூணு மணி நேரம் ஆகும்.

இரண்டரை மணி நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸா? அதன் பேட்டரி செத்து வருஷமாகிறது.

“நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?” என்றாள் மனைவி. விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.