வெந்நீர் குடிங்க மிஸ்

வேலூரைப் பற்றி நாங்களே சொல்லிச் சிரிக்கிற பழைய கிண்டல் ஒன்று உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. இதில் ரெண்டு இப்போது செல்லாது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் கொள்ளாத வெள்ளம் போனது. அந்த வெள்ளத்தை ஊரோடு சேர்ந்து நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். நான் ஏதோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்னா டீச்சர், கொரலு இப்டி கம்மிப் போயிக்கீது? அழுதுக்கினு வந்தியா?" என்றார்.

அழவில்லை. மழை லீவு விட்ட நாளிலும் ஆன்லைன் வகுப்பு உண்டு என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் நடத்திவிட்டு வந்திருந்தேன்.

பத்தொன்பது வருஷம் வகுப்பறையில் நின்று கத்தியிருக்கிறேன். ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், மேலே தகரக் கூரை, பக்கத்து வகுப்பில் இந்தி மிஸ். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆண்டுவிழா சமயத்தில், தொண்டை கட்டும். ரெண்டு நாளில் சரியாகும். ஆனால் 2020 ஜூனில் தொடங்கிய ஆன்லைன் வகுப்பு, அதுவும் பாதிச் சம்பளத்துக்கு, நாலே மாசத்தில் என் குரலைத் தின்றுவிட்டது. வீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டி, முன்னால் யாரும் இல்லாமல் பேசுகிறவளுக்கு எப்படித் தொண்டை போகும் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்கும் அப்போது புரியவில்லை.

வகுப்பறையில் நாம் நினைப்பதைவிட நிறைய நேரம் சும்மா இருக்கிறோம். போர்டு பக்கம் திரும்பி எழுதும்போது வாய் ஓய்கிறது. "புரிஞ்சுதா?" என்றால் நாற்பத்தைந்து பேரும் "யெஸ் மிஸ்" என்று ராகம் போட்டு முடிப்பதற்குள் ஒரு முழு மூச்சு இழுத்துவிடலாம். கடைசி பெஞ்சில் பேசுகிறவனை அடக்க ஒரு முறைப்பு போதும், சத்தமே வேண்டாம். ஆன்லைனில் கண் வேலை செய்யாது, கை வேலை செய்யாது, எல்லாவற்றுக்கும் வாய்தான். எல்லாரும் ம்யூட்டில். திரையில் பெயர்கள் மட்டும். கேள்வி கேட்டால் பதில் வராது, வராத இடத்தையும் நாமே பேசி நிரப்புவோம். ஒரு நாள் என் வகுப்பின் பதிவைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்தில் "கேக்குதா?" மட்டும் முப்பத்தோரு தடவை.

இதோடு எங்கள் வீடு சத்துவாச்சாரியில், சென்னை பெங்களூரு ஹைவேக்கு மிக அருகில். லாரி போகும்போதெல்லாம் என்னையறியாமல் குரல் ஏறும். சத்தத்துக்கு நடுவில் மனிதக் குரல் தானாக உயர்வதை லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே சொல்லிவிட்டார், அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மேலே ஃபேன் அஞ்சில் ஓட வேண்டும். மே மாசத்து வேலூரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தச் சொல்பவர்கள் ஒரு தரம் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ரெண்டு காதையும் மூடும் ஹெட்செட் வேறு. நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, அதனால் இன்னும் கத்துவோம். போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துக் கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்த கோலத்தைச் சொல்லவே வேண்டாம்.

மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வைத்தியம் பார்த்துப் போகிற ஊர் இது. ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டு நான் டாக்டரிடம் போனது கரகரப்பு ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. அதற்குள் பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, மிளகுப்பால், விக்ஸ் மிட்டாய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. சக மிஸ்களும், பெற்றோர்களும், ஏன், பிள்ளைகளும்கூட சாட்டில் எழுதுவார்கள்: "வெந்நீர் குடிங்க மிஸ்."

மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு டாக்டர் திரையில் காட்டினார். முத்து நிறத்தில், குரல் எழுப்புகிற ரெண்டு மடிப்பு. ரெண்டிலும் எதிரெதிரே ஒரே இடத்தில் சின்னத் தடிப்பு. "மம்மட்டி பிடிக்கிறவங்க கையில காய்ப்பு வருமில்ல? அதேதான்" என்றார். வெந்நீர் பற்றிக் கேட்டேன், சிரித்தார். நாம் குடிக்கிற வெந்நீரும் சப்புகிற மிட்டாயும் குரல் மடிப்பைத் தொடுவதே இல்லை. அவை போகிற வழி வேறு. தப்பித் தவறித் தொட்டால் புரையேறும். தண்ணீர் உடம்பில் சேர்ந்து, உள்ளிருந்துதான் மடிப்புக்கு ஈரம் போக வேண்டும். அதனால் தண்ணி குடிப்பது நல்லதுதான், ஆனால் அது காய்ப்பைக் கரைக்காது. குசுகுசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நான் நினைத்திருந்தேன். அதையும் செய்யாதீர்கள் என்றார். கனைப்பதும் கூடாதாம்.

கணக்கு டீச்சர் இல்லையா, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பெண்கள் பேசும்போது அந்த மடிப்புகள் நொடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. நாற்பது நிமிஷத்துக்கு 4,80,000. மூச்சு இழுக்கும்போது மோதாது, "பக்கம்", "தட்டு" என்பதில் வருகிற வல்லின ஒற்றுக்கு மோதாது, ஆகப் பாதியைக் கழித்துவிட்டாலும் 2,40,000. ஒரு நாளைக்கு ஆறு பீரியட் என்றால் 14,40,000 மோதல். உள்ளங்கையை இத்தனை தடவை தட்டினால் என்ன ஆகும்?

ஆறு மாசம் பேச்சுப் பயிற்சி. டம்ளர் தண்ணியில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று முனகிக்கொண்டே குமிழ் விட வேண்டும். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அது வேலை செய்தது. முக்கால்வாசி குரல் திரும்பியது. மேல்ஸ்தாயி மட்டும் போய்விட்டது, கோலாட்டப் பாட்டெல்லாம் இனி கிடையாது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் யாராக இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழ்நாளில் ஒரு தடவையாவது குரல் கெட்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8. சரியாக ரெண்டு பங்கு. போலந்தில் நீண்ட காலம் பேசிப் பேசி வரும் குரல் நோய் சட்டப்படி தொழில் நோய். இங்கே? 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025-இல் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் தொழில் நோய்களுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. அதில் குரோமியத்தால் வரும் நோய் இருக்கிறது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலைக்காரர்களுக்கு அது கையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை, ஆனால் எழுத்தில் இருக்கிறது. சத்தத்தால் காது போவதும் இருக்கிறது. பேசித் தொண்டை போவது இல்லை. ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளியே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் சொன்னது. அறிவுப் பணியாம். புனிதமானதாம். புனிதம் என்று சொல்லிவிட்டால் காய்ப்புக்குக் கணக்குக் கேட்க முடியாது பாருங்கள்.

வீட்டிலிருந்து நடத்தினால் எல்லாருக்கும் தொண்டை போகும் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வேதியியல் மிஸ், சாக்பீஸ் தூசு இல்லாததால் வீட்டிலிருந்த காலத்தில்தான் குரல் நன்றாக இருந்தது என்கிறார். அவருக்குத் தனி அறை, காலர் மைக், பத்துப் பிள்ளைகள். வசதி இருந்தால் தொண்டையும் தாக்குப் பிடிக்கிறது.

நான் இப்போது பள்ளியை விட்டுவிட்டு ஓர் ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் இருக்கிறேன். துபாய், ஷார்ஜாவில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ராத்திரி பத்து வரை. ஒரு காதை மட்டும் மூடும் ஹெட்செட், மைக் வாய்க்குப் பக்கத்தில், அரிசி டின் சமையலறைக்கே திரும்பிவிட்டது. எல்லாம் கற்றுக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் என் கையில் இல்லை. மாசாமாசம் வரும் ரிப்போர்ட்டில் "அமைதி நேரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. வகுப்பில் யாரும் பேசாத நிமிஷங்களை சாஃப்ட்வேர் எண்ணுகிறது. கூடினால் கட்டம் சிவப்பாகும், மேலாளர் தம்பி கூப்பிடுவார்: "எங்கேஜ்மென்ட் கம்மியா இருக்கே மேம்?"

கணக்குப் பாடத்தில் பேசாத நேரத்தில்தான் பிள்ளை கணக்குப் போடுகிறான். அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவரும் ஏதோ ஒரு மிஸ் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தபோதுதான் கணக்குக் கற்றிருப்பார். தேனும் வேண்டாம், ஹெட்செட்டுக்கு அலவன்ஸும் வேண்டாம். ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் இருபது நிமிஷம் பேசாமல் இருக்கலாம், அதுவும் வேலை நேரம்தான், என்று பள்ளிகளும் கம்பெனிகளும் எழுதிக் கொடுக்கட்டும்.

போன மாசத்திலிருந்து நானே அப்படித்தான் நடத்துகிறேன். கணக்கைத் திரையில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். முதல் வாரம் பிள்ளைகள் "மிஸ், நெட் போயிடுச்சா?" என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை, போட்டு முடித்ததும் கையைத் தூக்குகிறார்கள். அஞ்சாம் தேதி ரிப்போர்ட் வரும். கட்டம் சிவப்பாகத்தான் இருக்கும். தம்பி கூப்பிடட்டும், இந்தப் பதிவையே அனுப்பி வைக்கிறேன், பேச வேண்டியதில்லை.