எலி ஓடினால் நம்புவீர்கள், எலிக்குக் கட்டி வந்தால் நம்ப மாட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை ஜிம் ஆண்டு விழாவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. ஸ்டாமினா கூடும் என்று நம் ஜிம்மில் கொடுக்கிற கார்டரின் என்ற மருந்தால் மனிதருக்குப் புற்றுநோய் வராது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். மைக்கைப் பிடித்திருந்த ஜிம் மாஸ்டர், "அது எலிக்கு வந்த கேன்சர் தம்பி, நீ எலியா?" என்றார். கூட்டம் சிரித்தது. பத்து வருடம் என்னோடு இரும்பு தூக்கியவர்களும் சிரித்தார்கள். அது வலித்தது. ஆனால் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தச் சிரிப்பைவிட அந்த பதில்தான்.

எலிக்கு வந்ததால் மனிதருக்கும் வரும் என்று நான் சொல்லவே இல்லை. மனிதருக்கு வராது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றா?

கார்டரின் என்று பாட்டிலில் விற்பதன் உண்மைப் பெயர் ஜி.டபிள்யூ. 501516. கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனம் லிகண்ட் என்ற கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது. கொழுப்புக் கோளாறுக்கும் வளர்சிதைமாற்றக் கோளாறுக்கும் மாத்திரையாகக் கொண்டுவரத்தான் அதை வளர்த்தார்கள். மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டு வாரம், அதிகம் போனால் 12 வாரம். நல்ல கொழுப்பு கூடியது. சந்தைக்கு வந்திருந்தால் பெரும் பணம். அப்படிப்பட்ட மருந்தை 2007-இல் அவர்களே நிறுத்திவிட்டார்கள். நீண்ட கால விலங்கு ஆய்வில் கட்டிகள் வந்ததுதான் காரணம். லாபம் பார்க்க நினைத்த கம்பெனியே கைவிட்ட பொருளை நம் ஊர் மாஸ்டர் கையில் எடுத்துக்கொடுக்கிறார்.

சரி, எலிக்கு என்னதான் ஆனது? 104 வாரம், அதாவது இரண்டு வருடம், தினமும் கொடுத்தார்கள். எலியின் ஆயுளில் அது பெரும்பகுதி. ஈரல், சிறுநீர்ப்பை, தைராய்டு, நாக்கு, வயிறு, தோல், விரை, கருப்பை, சினைப்பை என்று உடம்பின் பல இடங்களில் கட்டிகள். கொடுத்த எல்லா அளவிலும், குறைந்த அளவிலும்கூட. சுண்டெலிகளிலும் தனியாக ஆய்வு செய்து, அங்கேயும் கட்டிகள் வந்தன.

"எலிக்கு யானை அளவு கொடுத்தார்கள்" என்று அன்றைக்குப் பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெண் எலிகளுக்குக் கொடுத்த குறைந்த அளவு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம். எலியின் அளவை அப்படியே நம் எடையால் பெருக்கக் கூடாது, சிறிய உடம்பு மருந்தை வேகமாகச் செலவழிக்கும். அதற்காக மருந்தியலில் எலி அளவை ஏறக்குறைய 6.2-ஆல் வகுப்பார்கள். அப்படிப் போட்டால் 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 34 மில்லிகிராம் வருகிறது. நம் பையன்கள் போடுவது 20. இதில் யானை எங்கே இருக்கிறது? இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை!

"ஆய்வுக்கூட எலிக்குச் சும்மாவே கட்டி வரும்" என்பார்கள். வரும்தான். அதற்காகத்தான் மருந்து கொடுக்காத எலிகளைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுகிறார்கள். இதற்குமேல் அந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்க மாட்டேன்.

சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் கதையை எழுதி இன்பாக்ஸில் அனுப்பிய நண்பருக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையான கேள்வி. 1977-இல் சாக்கரின் தின்ற எலிக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று கனடா தடை செய்தது, அமெரிக்காவில் பாக்கெட்டில் எச்சரிக்கை போட்டார்கள். பிறகு அது பெரும்பாலும் ஆண் எலியின் சிறுநீரில் நடக்கிற விஷயம், மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்து 2000-இல் எச்சரிக்கையை எடுத்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், எலி சில நேரம் தப்பான சாட்சி சொல்லும். ஆனால் அங்கே ஓர் உறுப்பு, பெரும்பாலும் ஆண் எலி. இங்கே ஆண், பெண் இரண்டிலும், இரண்டு வகை உயிரினத்தில், இத்தனை உறுப்புகளில். அதோடு, சாக்கரினை விடுவித்தது 'நீ எலியா' என்ற கேள்வி இல்லை. வருடக்கணக்கான ஆராய்ச்சி. கார்டரினுக்கு அந்த வேலையை யார் செய்திருக்கிறார்கள்? யாரும் செய்யப்போவதும் இல்லை. இத்தனை கட்டிகளைப் பார்த்தபிறகு மனிதர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்க்க எந்த நெறிமுறைக் குழு கையெழுத்துப் போடும்? "மனிதரில் நிரூபிக்கப்படவில்லை" என்கிறீர்களே, மனிதரில் நீண்ட காலம் கொடுத்துப் பார்க்கவே இல்லை ஐயா. பார்க்காததை 'இல்லை' என்று சொல்லி விற்காதீர்கள்.

எனக்குத் தாங்கவே முடியாதது இன்னொன்று. இந்த மருந்தால் ஸ்டாமினா கூடும் என்று மேடையில் சொன்னாரே, அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்? 2008-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. பயிற்சியோடு இந்த மருந்தும் எடுத்தவை, பயிற்சி மட்டும் செய்தவற்றைவிட 70 சதவீதம் அதிக தூரம் ஓடின. எவை ஓடின? சுண்டெலிகள்! (மருந்து மட்டும் கொடுத்துச் சும்மா உட்காரவைத்தபோது அந்த ஆய்வில் ஓட்டம் கூடவில்லை. அதையும் அவர் சொல்லவில்லை.) ஓட்டத்துக்குச் சுண்டெலி சாட்சி, கட்டிக்கு மட்டும் சாட்சி இல்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா இதை 2009-லேயே தடை செய்தது. 2013 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை விட்டது. வழக்கமாக அவர்களுக்கு ஏமாற்றுகிற வீரரைப் பிடிப்பதுதான் வேலை. அன்றைக்கு ஏமாற்றுகிறவர்களின் உயிருக்காகவே எச்சரித்தார்கள். பிடிபட்டால் தண்டனை என்பதைத் தாண்டி, இதைத் தொடாதீர்கள், உடம்புக்கு ஆபத்து என்று. விதியை மீறுகிறவன் மேல் அவர்களுக்கு இருந்த அக்கறை, காசு கொடுத்துப் பயிற்சிக்கு வருகிற பையன் மேல் நமக்கு இல்லை.

"நீயும் போட்டவன்தானே, இப்போது என்ன உபதேசம்" என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், போட்டேன். 2017-இல் மாவட்டப் போட்டிக்கு கட்டிங், அதாவது உடம்புக் கொழுப்பைக் குறைக்கும் வேலை, செய்தபோது எட்டு வாரம். இதே ஜிம்மில், இதே பேச்சை நம்பி. ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். எட்டு வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதை எந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறீர்கள்? போன வருடம் வயிற்றில் ஒரு மாதம் விடாமல் எரிச்சல் இருந்தது. மருத்துவரிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கு என்ன டெஸ்ட் எழுதுறதுன்னு எனக்குத் தெரியலைப்பா" என்றார். கடைசியில் சாதாரண அல்சர்தான். ஆனால் முடிவு வரும்வரை இருந்த அந்தப் பதினொரு நாளை என் மனைவியிடம் கேளுங்கள். உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நான் விழாவில் எழுந்து கேட்டதே எனக்காக இல்லை. என் சித்தி மகன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். அவனுக்கு ஏழு நிமிடம் இருபது நொடி ஆகிறது. அவன் பையில் அந்தச் சொட்டு பாட்டிலைப் பார்த்தேன். லேபிளில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்ள அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. படித்தாயா என்றேன். "மாஸ்டர் சொன்னாருண்ணே, அது கஸ்டம்ஸுக்காகப் போடுறதாம்" என்றான். பத்தொன்பது வயது. அவன் அம்மா வீட்டில் தையல் மிஷின் ஓட்டிச் சேர்த்த காசில் 4,500 ரூபாய். இருபது நொடிக்காக.

அவனுக்கு கேன்சர் வரும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அந்தப் பிள்ளையிடம் சொன்னதுதான் என் கோபம். "பெரியவன் ஆயிட்டான், அவன் முடிவு" என்கிறீர்கள். முழுதாகச் சொல்லிவிட்டு முடிவெடுக்க விட்டீர்களா? கட்டி என்ற வார்த்தையை ஒரு முறையாவது உச்சரித்தீர்களா?

அன்றைக்குச் சிரித்தவர்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. கோபம் இருக்கிறது. உங்களில் மூன்று பேருக்குப் பத்தொன்பது, இருபது வயதில் தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களும் அதே கிரவுண்டில்தான் ஓடுகிறார்கள்.

பாட்டில் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. கால்வாசிதான் குறைந்திருக்கிறது. மாஸ்டர், நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ஜிம்முக்கு எடுத்து வருகிறேன். சித்தியின் 4,500 ரூபாயை எடுத்து வையுங்கள்.