பிடித்த தெருநாயை எங்கே விடுகிறீர்கள், சார்?

இன்றைக்கு இதை எழுதாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகிற பக்கம், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊராட்சி. பெயர் வேண்டாம், எழுதினால் நாளைக்கே ஒருத்தர் வாசலில் வந்து நின்று "ஏங்ணா இப்படிப் போட்டீங்க" என்பார். ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் பிளாட் போட்டு விற்ற இடம், நடுவில் ஏரி. அந்த ஏரிக்கரையில்தான் ராத்திரி நேரத்தில் யாரோ வண்டியில் நாய்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். விடிந்து பார்த்தால் முன்பின் தெரியாத ஏழெட்டு நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல், எங்கள் தெரு நாய்களிடம் கடிபட்டுக்கொண்டு நிற்கின்றன. எந்த ஊர் வண்டி என்று நான் எழுதப்போவதில்லை, சுற்றுவட்டாரத்தில் உள்ளாட்சி ஒன்றா இரண்டா. ஆனால் கம்பிக்கூண்டு வைத்த வண்டி யாரிடம் இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வந்து இறங்கிய நாய்களின் காதைப் பார்த்தேன். ஒன்றின் காதிலும் வெட்டு இல்லை. கருத்தடை செய்த நாய்க்குக் காது ஓரத்தில் சின்னதாக ஒரு அடையாள வெட்டு போட வேண்டும், அது இல்லையென்றால் ஆபரேஷனும் நடக்கவில்லை, அநேகமாக வெறிநோய் ஊசியும் போடவில்லை. அதாவது ஏதோ ஓர் ஊரில் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், பிடித்தார்கள், எல்லையைத் தாண்டி எங்கள் தலையில் கொட்டினார்கள். அங்கே பைலில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது". இங்கே எங்களுக்கு இலவசமாக ஏழெட்டு நாய், அதில் மூன்று பெட்டை!

சட்டம் என்ன ரகசியமா? 2001-லேயே நாய்க் கருத்தடை விதி வந்தாயிற்று, 2023 மார்ச்சில் அதை மாற்றிப் புது விதியும் வந்தாயிற்று. பிடிக்கணும், கருத்தடை பண்ணணும், வெறிநோய்த் தடுப்பூசி போடணும், எங்கே பிடித்தார்களோ அங்கேயே கொண்டுபோய் விடணும். உள்ளாட்சியின் வேலை இது. இடம் மாற்றி விடுவது தப்பு என்பது கருணைக்காக மட்டும் சொன்னதில்லை. ஒரு தெருவில் இருக்கிற நாய்கள் வெளி நாயை உள்ளே விடாது. அந்த நாய்களை அள்ளிக்கொண்டு போனால் காலியான தெருவுக்கு வேறு நாய் வரும், அது கருத்தடை ஆகாததாக இருக்கும், வந்து நிம்மதியாகக் குட்டி போடும். இதை ஆபீசில் சொன்னால் "நாய்ல ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களா சார்" என்று சிரிக்கிறார்கள்.

உடனே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கூட்டம் கிளம்பும், "எல்லாத்தையும் அடிச்சுக் கொன்னு போடுங்கப்பா" என்று. கொன்று பார்க்காத ஊரா இது? மெட்ராஸ் கார்ப்பரேஷன் நூறு வருஷத்துக்கு மேல் நாயைப் பிடித்துக் கொன்றது, கடைசிக் காலத்தில் மின்சாரம் பாய்ச்சி, ஒரு நாளைக்கு நூறுக்கும் மேல். நாய் குறைந்ததா? குறையவே இல்லை. 1960-களிலேயே அந்த ஊர் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ்காரர்கள் கருத்தடைதான் வழி என்று சொல்ல ஆரம்பித்தார்கள், கார்ப்பரேஷன் காதில் அது ஏறுவதற்கு 1990-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 2025-ல் உச்ச நீதிமன்றமே ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்றது, ஆகஸ்ட் 22-ம் தேதி இல்லை, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடு, வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று மாற்றியது. அப்புறம் நவம்பர் 7-ம் தேதி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் மாதிரி இடங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்தில் வை என்றது. சரி, வைக்கட்டும். காப்பகம் எங்கே? காப்பகம் இல்லாத ஊரில் அந்த உத்தரவுக்கு ஏரிக்கரை என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள் போல.

நாய்ப் பிரியர்களும் என்னிடம் திட்டு வாங்காமல் போக முடியாது. "அது வாயில்லா ஜீவன், நாம்தான் அனுசரித்துப் போகணும்" என்று எழுதுகிறவர் எங்கள் ஊருக்கு விடிகாலை நாலரைக்கு வரட்டும். ஓசூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் அந்த நேரத்தில்தான் வருகிறது. இருபது வயது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள் சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவிளக்கு எரியாத வழியில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கிறார்கள். ஆறேழு நாய் சேர்ந்து வந்தால் என்ன செய்வார்கள்? ஓடினால் துரத்தும், நின்றால் சுற்றி வளைக்கும். இப்போது ஆளுக்கு ஒரு கொம்போடு கூட்டமாகப் போகிறார்கள். பால் சொசைட்டிக்கு எக்ஸெல் மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு போகிறவர் இரண்டு காலையும் ஹேண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு அந்த வளைவைத் தாண்டுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு நாள் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டார், அதற்கப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பையனை ஆடுசதையில் கடித்தது. அவன் பாட்டி ஓடிவந்து சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைக்கப் பார்த்தார், தடுத்து, குழாயடியில் உட்காரவைத்து சோப்பு போட்டு கால்மணி நேரம் கழுவச் சொன்னேன். தயவுசெய்து எல்லோரும் இதை முதலில் செய்யுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தோலைத் துளைத்த கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்திலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்கிற, உடனே பாதுகாப்புத் தருகிற ஊசியும் போடணும். பக்கத்தில் போன இடத்தில் அது இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். அப்புறம் அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து மூன்று நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழித்து என்று தடுப்பூசி. ஊசி இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இதனால்தான் விடுகிறார்கள். அறிகுறி வந்துவிட்டால் வெறிநோய்க்கு மருந்தே கிடையாது. 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், வெறிநோய்ச் சாவு 43. நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட நடந்திருக்க வேண்டியதில்லை.

சரி, எங்கள் ஊராட்சிக்கே ஒரு தடவை வண்டி வந்த கதையைக் கேளுங்கள். காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். தெரு முனையில் வண்டி திரும்பும்போதே ஒரு நாய் குரைத்தது, அது போதும், ஓடக்கூடியவை எல்லாம் தோப்புக்குள் ஓடிவிட்டன. மிச்சம் யார்? டீக்கடை வாசலில் பிஸ்கட்டுக்கு வாலாட்டுகிற இரண்டு கிழட்டு ஆண் நாய்கள். அதில் ஒன்றின் காதில் ஏற்கெனவே வெட்டு இருக்கிறது! வலை போட்டுப் பிடித்து, போட்டோ எடுத்து, கிளம்பிவிட்டார்கள். சிறுபாலத்துக்கு அடியில் மடி தொங்கத் தொங்க ஒரு பெட்டை ஆறு குட்டிகளோடு இருந்தது, காட்டினேன். குட்டிக்குப் பால் கொடுக்கிறதைப் பிடித்தால் குட்டிகள் செத்துப்போகும் சார் என்றார் ஒருவர். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். குட்டிகள் பால் மறந்த பிறகு வந்தீர்களா? வரவில்லை. அதற்குள் அது அடுத்த ஈத்துக்குச் சினை. நாய்க்குச் சினைக்காலமே ரெண்டு மாசம்தான். அந்த ஆறு குட்டியில் பிழைத்த பெட்டைகளும் ஒரு வருஷத்தில் குட்டி போடும்.

பத்து ஆண் நாயில் ஒன்பதுக்குக் கருத்தடை செய்தாலும் மிச்சமிருக்கிற ஒன்று போதும், ஊரில் இருக்கிற எல்லாப் பெட்டையும் சினையாகிவிடும். அதனால் எண்ண வேண்டியது பெட்டையை. ஓர் ஊரில் பத்துக்கு ஏழு நாய்க்காவது கருத்தடையும் ஊசியும் ஒரே மூச்சில் முடிந்தால்தான் எண்ணிக்கை இறங்கும், வெறிநோயும் அடங்கும். முப்பது நாற்பது சதவீதத்தில் நிறுத்துவது பாதி வயலில் களை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன மாதிரி. இதைப் புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பெட்டைக்குப் பின்னால் கூட்டமாக ஓடுகிற காலத்துக்கு முன்பே, ஆடி ஆவணியிலேயே முடிக்கணும். இவர்கள் எப்போது வருகிறார்கள்? மாசியில், யாராவது குழந்தையைக் கடித்து டிவியில் வந்த பிறகு. முடியாது என்றெல்லாம் சொல்லாதீர்கள், கோவாவில் வருஷா வருஷம் தெருத்தெருவாக வலையோடு போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள், 2018-லிருந்து சில வருஷம் வெறிநோயில் அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை.

நகராட்சி ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம், ஊராட்சி இந்தப் பக்கம். அங்கே ஏதோ கொஞ்சம் ஆபரேஷன் நடக்கிறது, ஊராட்சிக்கு டாக்டரும் கிடையாது, ஆபரேஷன் தியேட்டரும் கிடையாது, கூண்டும் கிடையாது. நாய்க்கு வார்டு எல்லை தெரியுமா? ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கருத்தடை மையமாவது வைத்தால் சுற்றி இருக்கிற ஊராட்சிகள் முறை வைத்துக்கொண்டு நாய்களைக் கொண்டுவரலாம். கேட்டால் நிதி இல்லை. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்குப் போனபிறகு, யாரைக் கேட்பது என்பதே தெரியவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றித் திரும்ப அதே மேஜைக்கு வருகிறது. நாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு 6,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, கோழிக்கு 200 என்று 2025-ல் நிவாரணம் அறிவித்தார்கள், நல்லது, ஆனால் செத்த ஆட்டுக்குக் கொடுக்கிற காசில் எத்தனை பெட்டைக்கு ஆபரேஷன் பண்ணலாம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

நம்ம ஜனமும் லேசுப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோழிக்கடைக் கழிவு சாக்குமூட்டையில் ஏரிக்கரைக்கு வருகிறது, இறகும் குடலும் ஒழுக ஒழுக. தினமும் கறி கிடைக்கிற இடத்தை விட்டு எந்த நாய் போகும்? கடைக்காரரைக் கேட்டால் "எடுத்துட்டுப் போக வண்டி வர்றதில்ல, நான் எங்கண்ணா போடுறது" என்கிறார், அவர் சொல்வதிலும் பாதி உண்மை. இன்னொரு கூட்டம், வீட்டில் வளர்க்கிற நாய் குட்டி போட்டால் ஆண் குட்டியை எல்லாம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, பொட்டைக் குட்டிகளை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து ராத்திரியில் கோயில் பக்கம் விட்டுவிட்டுப் போகும். அடுத்த வருஷம் நாய்த் தொல்லை என்று மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதுதான்.

அடுத்த கிராம சபைக்கு நான் கேள்வியை எழுதியே கொண்டுபோகிறேன். எந்த மாதம், எந்தத் தெரு, எத்தனை பெட்டை, எங்கே ஆபரேஷன், எந்தத் தேதியில் திரும்ப விட்டீர்கள், பதிவேடு எங்கே? ராத்திரி ஏரிக்கரைக்கு வருகிற வண்டி யாருடையது என்று எழுதிக் கேட்டு, அதற்கு எழுத்தில் பதில் வேண்டும். "வண்டிக்குச் சொல்லியிருக்கோம்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். போன தடவை டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் திறந்து நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனீர்கள். இந்தத் தடவை தெருநாய்த் தீர்மானம் எழுதியிருக்கிற பக்கத்தைக் காட்டாமல் எங்கள் தெருவில் ஒருத்தரும் கையெழுத்துப் போடப்போவதில்லை. டீயை நீங்களே குடியுங்கள்.